எட்டாவது ஓட்டு

ஜனவரி 27

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, வாசல் குழியில் தேங்கிக் கிடந்த சாக்கடைத் தண்ணீரை வாளியில் மொண்டு எதிர்க் காலிமனையில் ஊற்றினேன். அதன் பிறகுதான் பல் துலக்கினேன். இரண்டு வருடமாக என் காலைப் பொழுது இந்த வரிசையில்தான் போகிறது. மூக்குக்குப் பழகிவிட்டது. கோபம்தான் பழக மாட்டேன் என்கிறது.

கையைக் கழுவிக்கொண்டிருந்தபோதே பேரூராட்சியிலிருந்து ஒருவர் வந்து சொத்து வரி நோட்டீஸை நீட்டினார். போன வருடத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதற்குக் கீழே பாதாளச் சாக்கடைச் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை. எங்கள் அபிராமி நகரில் தெருவைத் தோண்டிக் குழாய் புதைத்தது உண்மை. ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. அங்கங்கே நொறுங்கி உட்கார்ந்துவிட்டது. போக வேண்டிய தண்ணீர் எங்கள் வாசலுக்கே திரும்பி வருகிறது. எந்தச் சேவைக்கு இந்தக் கட்டணம் என்று கேட்டேன். அவர் குழியைப் பார்த்தார், என் வாளியைப் பார்த்தார்.

“குடுக்கச் சொன்னதைக் குடுக்கறேனுங்க அம்மணி. கேக்கறதெல்லாம் கவுன்சில்ல போய்க் கேளுங்க.”

என்னிடமிருந்து தப்பிக்கத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு நாள் முழுவதும் என்னை விடவில்லை.

சாப்பிடும்போது, தேர்தலில் நின்றால் என்ன என்று என் கணவரிடம் கேட்டேன். எங்கள் ஒன்பதாவது வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. போன முறை தலைவராக இருந்த அருணகிரியிடம் எனக்காகக் கட்சி சீட்டுக் கேட்டு, இல்லை என்ற பதிலையும் வாங்கி வந்திருக்கிறார். எனக்கே தெரியாமல் என் பெயருக்கு விண்ணப்பமும் நடந்திருக்கிறது, நிராகரிப்பும் நடந்திருக்கிறது.

“சுயேச்சையா நில்லு. நான் பாத்துக்கறேன்” என்றார்.

எனக்கு முதலில் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது.

ஜனவரி 31

மனுத்தாக்கல் முடிந்தது. என்னை முன்மொழிந்தது சபீனா. மூன்றாவது தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். கடை வாசலிலும் குழிதான், துணி கொடுக்க வருகிறவர்கள் பலகையின் மேல் நடந்து போகிறார்கள்.

நான் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அதிகாரி எனக்குப் பின்னால் நின்ற இவரைப் பார்த்து, “வேட்பாளர் பேருங்க?” என்று கேட்டார். நானே சொன்னேன், இந்திராணி தனசேகர். படிப்பு என்னவென்றார். இவர் “டிகிரிங்க” என்றார். நான் “பி.காம்., முதல் வகுப்பு” என்றேன். யாரும் வகுப்பைக் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கியதை இன்று எதற்காக மேசையில் எடுத்து வைத்தேன் என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். வெட்கமாக இருந்தது. கொஞ்சம் திருப்தியாகவும்.

பிப்ரவரி 5

சின்னம் சீப்பு.

சுவரொட்டியின் மாதிரி வந்தது. வெள்ளைச் சட்டையில் கை கூப்பியபடி இவர் முக்கால் பங்கு நிற்கிறார். மூலையில் அடையாள அட்டைப் படம் அளவுக்கு நான். வேட்பாளர் யார் என்று கேட்டேன். ஊருக்கு என்னைத்தானே தெரியும் என்றார். அது பொய்யில்லை. கடைவீதியில் பதினெட்டு வருடமாகச் சிமெண்டும் குழாயும் விற்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு புறவழிச்சாலையில் புதுக் குடோன் கட்டினபோது ஊரே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனது. அவரைத் தெரியாதவர்கள் இல்லை. அச்சகத்துக்கு நானே நடந்து போய்ப் படங்களை இடம் மாற்றச் சொன்னேன். இரவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

துண்டறிக்கைக்கு மூன்று விஷயம் எழுதினேன். ஏற்றிய வரிக்குக் காரணம் கேட்பேன். வார்டுக்கு வந்த பணத்தையும் செலவையும் மாதாமாதம் ரேஷன் கடை வாசலில் பலகையில் எழுதி வைப்பேன். சாக்கடைக் குழாய் எந்தத் தரம், யார் சோதித்தார்கள், யார் பில்லை அனுமதித்தார்கள் என்று விசாரணை கேட்பேன். மூன்றாவதை இவர் பென்சிலால் அடித்துவிட்டார். அருணகிரியைப் பகைத்துக்கொள்ள வேண்டாமாம், வியாபாரம் செய்கிறவருக்கு நாலு பேர் தயவு வேண்டுமாம். சரி என்று விட்டுவிட்டேன். அச்சில்தான் விட்டேன். வாயால் வீட்டுக்கு வீடு சொல்கிறேன்.

இவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். இரண்டும் வேறு வேறு.

பிப்ரவரி 9

ஓய்வுபெற்ற நடத்துனர் ரங்கசாமி வீட்டுக்குப் போனோம். சீப்புக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சபீனா சொன்னதும் அவர் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, இந்தச் சின்னத்தோடு என் வீட்டுக்கு வர உங்களுக்கு எவ்வளவு தைரியம் என்றார். தெருவே சிரித்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

“செயிச்சா மீட்டிங்குக்கு நீங்க போவீங்களா, உங்கூட்டுக்காரரு போவாருங்களா?”

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது இவர்தான். நான்தான் போவேன் என்றேன். ரங்கசாமி சிரிக்கவில்லை. போன முறை எட்டாவது வார்டில் ஜெயித்த பெண்ணின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவள் கணவன் பெயர்தான் தெரிந்தது.

பிப்ரவரி 12

இன்று மாவு அரைக்கவில்லை. குடும்பம் பிழைத்திருக்கிறது.

பிப்ரவரி 15

காலையில் தண்ணீர் லாரி மூன்றாவது தெருவில் இறங்கிவிட்டது. பின்சக்கரம் பாதிக்கு மேல் மண்ணுக்குள். லாரியைத் தூக்கியபோது புதைத்த குழாயும் துண்டு துண்டாக மேலே வந்தது. ஒருவர் ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் வளைத்தார். அப்பளம் போல உடைந்தது. ஆளாளுக்கு ஒரு துண்டை எடுத்து உடைத்துப் பார்த்தார்கள். முதலில் சிரிப்பு, பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. இதற்குத்தான் இணைப்பு வாங்க வைப்புத்தொகை கட்டினோம். இதற்குத்தான் கட்டணம் கேட்கிறார்கள்.

நான் மண்மேட்டில் ஏறி நின்றேன். கையில் காகிதம் இல்லை. இந்தக் குழாயைச் செய்தது யார், வாங்கியது யார், விற்றது யார், நல்ல குழாய் என்று கையெழுத்துப் போட்டது யார், இத்தனை பேருக்கும் நம் வரிப்பணம் போயிருக்கிறது, பெயர் பெயராகக் கேட்பேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கைதட்டினார்கள். கூட்டத்தில் இவரைத் தேடினேன். கடைக்குப் போய்விட்டாராம்.

சாயங்காலம் தலைவலி என்று படுத்துக்கொண்டார். தைலம் தேய்த்துவிட்டேன். கண்ணை மூடியபடியே சொன்னார்:

“யாரு வித்தாங்கறது உனக்கெதுக்கு? போட்டவன் யாருன்னு மட்டும் கேளு.”

கடையில் அலைச்சல் அதிகம், பாவம். நெற்றி அனலாகக் கொதித்தது.

பிப்ரவரி 19

வாக்குப்பதிவு. சீப்பின் மேல் நானே குத்தினேன்.

பிப்ரவரி 22

பதினோரு ஓட்டில் ஜெயித்துவிட்டேன்.

வாக்கு எண்ணும் இடத்தின் வாசலில் முதல் மாலை இவர் கழுத்தில் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவது மாலை எனக்கு. அதைப் போட வந்தவர் மாலையை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார், பெண்பிள்ளை கழுத்தில் எப்படிப் போடுவது என்று. சபீனாதான் பிடுங்கி என் கழுத்தில் போட்டாள்.

பதினைந்து வார்டில் அருணகிரி பக்கம் ஏழு. அரிசி ஆலை சிவசுந்தரம் பக்கம் ஏழு. நடுவில் நான். தலைவரை உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு வந்து சேர்வதற்குள் இவருடைய போனுக்கு அழைப்பு மேல் அழைப்பு. கோவையில் விடுதியில் இருக்கும் மகள் என் போனுக்கு அழைத்தாள். எனக்கு வந்த ஒரே அழைப்பு அதுதான்.

பிப்ரவரி 25

இரண்டு பக்கத்து ஆட்களும் வந்து போனார்கள். இரண்டு பக்கத்தாரும் இவரைத்தான் “கவுன்சிலரே” என்று கூப்பிட்டார்கள். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அப்புறம் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

அவர்கள் போன பிறகு இவர் விவரம் சொன்னார். அருணகிரிக்கு நான் ஓட்டுப் போட்டால் எனக்குத் துணைத் தலைவர் பதவி. எங்கள் வார்டில்தான் முதலில் புதுச் சாக்கடை. ஓட்டுப் போடாவிட்டால் ஐந்து வருடத்துக்கு ஒரு தெருவிளக்குக்கூட வராது. சிவசுந்தரமும் யோக்கியம் இல்லை, அதற்கு முந்தைய முறை வரியை ஏற்றியதே அவர்தான்.

இதில் எதையும் மறுக்க முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. சபீனாவிடம் கேட்டேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தாள்.

“சாக்கடை வந்தாப் போதும்னு எனக்கே தோணுதுக்கா. ஆனா அவரே தலைவரா வந்து உக்காந்தா, பழச யாரு கேப்பாங்க?”

மார்ச் 2

பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டேன். என் பெயரை நானே உரக்கச் சொல்லி, பாரபட்சமில்லாமல் கடமையாற்றுவேன் என்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அலுவலகத்தின் பின்வாசலில் வேன் நின்றது. வீட்டுக்குப் போய் மாற்றுத்துணி எடுத்து வரலாம் என்று நினைத்தேன். என் பை ஏற்கெனவே வேனில் இருந்தது. இவரே அடுக்கி வைத்திருக்கிறார். தலைவர் தேர்தல் நாளை மறுநாள். அதுவரை யாரும் யாரையும் இழுத்துவிடக் கூடாது என்று அருணகிரி பக்கத்து ஏழு பேரோடு என்னையும் சேர்த்து எட்டு பேரையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். எல்லா ஊரிலும் நடப்பதுதானாம். மலை ஏறும்போது ஒருவர் துணிப்பையைத் திறந்துகொண்டு வந்து போன்களைக் கேட்டார். மேலே டவர் கிடைக்காதுங்க என்றார். கிடைக்காத டவருக்குப் போன் என் கையிலேயே இருக்கட்டுமே என்றேன். இவர் என் மடியிலிருந்து எடுத்துப் பையில் போட்டார்.

எட்டு பேரில் பெண்கள் நான்கு பேர். நான்கு பேருடைய கணவர்களும் வந்திருக்கிறார்கள். கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், அதில் பாதிப் பேர் எந்த வார்டிலும் ஜெயிக்காதவர்கள். எங்களை அறைகளில் விட்டு டிவியைப் போட்டுக் கொடுத்தார்கள். பயணம் நெடுக யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேன் நின்ற இடத்தில் வாந்தி வருகிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

மார்ச் 3

காலையில் சாப்பாடு சரியில்லை என்று கூடத்தில் ஒரே புகார். விடுதிச் சமையல்காரருக்கு நம் ஊர் ரசம் வரவில்லையாம். அம்மணிங்க நாலு பேர் இருக்கீங்களே என்றார்கள். ஒன்பதாவது வார்டு மிளகும் சீரகமும் தட்டியது. மூன்றாவது வார்டு புளி கரைத்தது. பதினொன்றும் பதினான்கும் அப்பளம் பொரித்தன. நேற்று அரசியல் சட்டத்தின் மேல் உறுதி எடுத்த நான்கு பேர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் அம்மியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது.

மத்தியானம் பந்தியில் அருணகிரி என் ரசத்தைப் புகழ்ந்தார். இதுதான் சமயம் என்று, பழைய குழாய் வேலையைப் பற்றி விசாரணை வைப்பீர்களா, என் வார்டு மக்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன் என்று கேட்டேன். பந்தி முழுக்கக் கை நின்றது. அவர் நிதானமாக மென்று விழுங்கினார். கோபமே இல்லை.

“வெச்சர்லாமுங்க அம்மணி. ஆனா மொதல்ல உங்கூட்டுக்காரரத்தான் கூப்புட்டு விசாரிக்கோணும். பைப்பு பூராவும் அவரு கடைச் சரக்குத்தானுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். இவர் தயிர்ச் சோற்றின் மேல் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் இவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன். மறுக்கவில்லை. அருணகிரியின் ஆள்தான் அந்த வேலையை எடுத்தானாம், அவர்கள் கொடுத்த விலைக்கு அந்தச் சரக்குத்தான் வருமாம், இல்லையென்றால் வேறு கடைக்குப் போயிருப்பார்களாம். “குடோன் எதுல கட்டினதுன்னு நெனச்ச?” என்று என்னைக் கேட்டார். என்னவோ நான் நன்றி சொல்ல மறந்துவிட்ட மாதிரி.

“நம்ம வாசல்லயும் அதே பைப்புத்தான் போட்டீங்களா?”

“நம்மூட்டுக்கு மட்டும் நல்லதாப் போட்டா நாலு பேரு கேக்க மாட்டாங்களா?”

“ரெண்டு வருசமா நான் மொண்டு ஊத்தறதப் பாத்துட்டேதான காப்பி குடிச்சீங்க?”

“உன்னய யாரு மொள்ளச் சொன்னது? ஆள் வெச்சுக்கலாம்னு சொன்னேனில்ல.”

சொன்னார். நான்தான் எதற்கு வீண் செலவு என்றேன்.

அறைக்கு வந்து உட்கார்ந்து யோசித்தேன். சீட்டு இல்லை என்று சொன்ன அருணகிரி, நான் மண்மேட்டில் ஏறிக் குழாயைப் பற்றிப் பேசியதைக் கேட்ட பிறகும், எப்படி இத்தனை மரியாதையாக நடந்துகொண்டார் என்பது இப்போது புரிகிறது. நான் கேட்கிற கேள்வி என் வீட்டுக்குள்தான் வந்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். எட்டு ஓட்டில் பூட்டுப் போட்டு வைத்த ஓட்டு என்னுடையதுதான். எனக்குத் துணைத் தலைவர் பதவி கொடுக்கலாம், புதுச் சாக்கடை வேலையும் கொடுக்கலாம். அதற்கும் குழாய் எங்கள் கடையிலிருந்துதான் போகும். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அனுமதிப்பேன். வரியை மறுபடியும் ஏற்றுவார்கள். அதற்கும் கை தூக்குவேன்.

என் அறையில் இருக்கும் மரகதம்தான் மூன்றாவது வார்டு. என்னைவிட மூத்தவர். பந்தியில் சிரிக்காத ஒரே ஆள். தலை வாரிக்கொண்டே சொன்னார்:

“நாளைக்கு ஓட்டுக் குத்தற எடத்துக்குத் தனியாத்தான் போவோணுமாமுங்க. கூட யாரையும் உடமாட்டாங்களாம். கல்யாணமானதுல இருந்து நான் எங்கியும் தனியாப் போனதில்லீங்க. என்னமோ பயமா இருக்குது.”

பயப்படாதீங்க என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்குப் போட்டோம் என்று வெளியே தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். “அப்படீங்களா” என்று சொல்லிவிட்டு, சிக்கெடுத்த தலையையே மறுபடியும் வாரினார்.

மார்ச் 4

விடிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பனி. கீழே வேனைத் துடைக்கிறார்கள். சூடாக இட்லி வந்திருக்கிறது என்று யாரோ கூடத்திலிருந்து குரல் கொடுக்கிறார்கள். இவர் வெள்ளைச் சட்டைக்குத் தேய்ப்புப் பெட்டி கேட்டுக்கொண்டு திரிகிறார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் முன்பு வந்து, பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே, பிள்ளை படிக்கிறாள் என்றார். நான் தலையசைத்தேன். நிம்மதியாகப் போனார். என் தலையசைப்பை இவர் எப்போதும் ஒரே மாதிரிதான் புரிந்துகொள்கிறார்.

நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்றும் எடை போட்டுப் பார்த்தேன். கடை போகலாம். வழக்கு வரலாம். மகள் என்ன சொல்வாளோ. அபிராமி நகருக்கு ஐந்து வருடம் ஒன்றும் வராமல் போகலாம், சபீனா அதே பலகையின் மேல் நிற்கலாம். அவர்களுக்காகத்தான் செய்கிறேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. எனக்காகவும்தான். என் கை இரண்டு வருடம் அந்தத் தண்ணீரில் இருந்திருக்கிறது.

தேர்தல் நடக்கும் அலுவலகத்தின் முன்வாசலில் வார்டு மக்கள் நிற்பார்கள், பத்திரிகைக்காரர்களும் வருவார்கள். வேனைப் பின்வாசலுக்கு விடச் சொல்லியிருக்கிறார்கள். தெருமுனையில் வேகத்தடைக்காக வேன் எப்படியும் மெதுவாகும். கதவோரம் நான் உட்கார்ந்துகொள்வேன். இறங்கி முன்வாசலுக்கு நடப்பேன். நொறுங்கிய குழாய் எங்கள் கடையில் வாங்கியது, விற்றது என் கணவர் தனசேகர், வேலையை எடுத்தது அருணகிரியின் ஆள், விசாரணையை எங்களிடமிருந்து ஆரம்பியுங்கள் என்று எல்லோரும் கேட்கிற மாதிரி சொல்வேன். இவர் பெயரை வேறு எவரும் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டால், அதை வைத்து என்னைப் பிடித்துக்கொள்ள ஒருவராலும் முடியாது.

அதன் பிறகு உள்ளே போய், கொடுக்கிற சீட்டில் இரண்டு பெயரிலும் குத்தாமல் மடித்துப் போடுவேன். ஏழுக்கு ஏழு என்று நிற்கட்டும். பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு எடுத்துக்கொள்ளட்டும். எவர் தலைவராக வந்தாலும் என்னால் வந்ததாக இருக்காது, முதல் கூட்டத்திலேயே நான் எழுந்து கேட்பேன்.

மரகதம் எழுந்துவிட்டார். என்னங்க எழுதறீங்க என்கிறார். ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறேன்.